துருப்பிடித்த குழாயின் வரலாறு

உங்கள் வீட்டில் கார் இருக்கலாம். இல்லாவிட்டால் அண்டை வீட்டில் இருக்கும். அதன் பின்புறத்தில், தரைக்குச் சற்று மேலே, ஒரு குழாயின் வாய் வெளியே எட்டிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். கார் புறப்படும்போது அதிலிருந்து புகை வரும். குளிர்ந்த காலை நேரமாயின் சில சொட்டு நீரும் விழும். அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு காரின் அடியில் முன்னோக்கி ஊர்ந்து சென்றால் (கற்பனையில் சென்றால் போதும்) முதலில் தகரப் பீப்பாய் போன்ற ஓர் உருளை தென்படும். அதுதான் சைலன்சர். அமெரிக்கர்கள் இதை மஃப்ளர் என்பர். அதற்கு முன்னால் மறுபடியும் குழாய். பின்னர் இக்காலக் கார்களில் மற்றோர் உருளை. முடிவில் எஞ்சினோடு போல்ட்டு வைத்து இறுக்கிய கிளைக்குழாய். காரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோரும் இந்தக் குழாய் வரிசையைப் பற்றிப் பேசுவதில்லை. அது கெட்டுப்போனால் மட்டுமே அதன் நினைவு வருகிறது.

1960ஆம் ஆண்டுகளில், பனி பெய்யும் வட அமெரிக்க நகரம் ஒன்றில், ஒரு குடும்பத் தலைவர் புதுக் கார் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் பல ஆண்டுகள் உழைக்கும். கியர்ப் பெட்டியும் உழைக்கும். சைலன்சர் மட்டும் இரண்டு மூன்று குளிர்காலங்களைத் தாண்டுவது அரிது. ஒரு நாள் காலையில் கார் திடீரென்று டிராக்டரைப் போல உறுமும். குனிந்து பார்த்தால் சைலன்சரின் அடிவயிற்றில் ஓட்டை விழுந்திருக்கும். அடுத்த விடுமுறை நாளில் அவர் வீட்டு முற்றத்திலேயே அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டுவார். இது அந்நாட்டில் எண்ணெய் மாற்றுவதைப் போலச் சாதாரண வேலையாக இருந்தது. இன்றோ, பத்து ஆண்டுகள் ஓடிக் களைத்த கார்கள் பல, தொழிற்சாலையில் பூட்டிய அதே சைலன்சரோடு பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேருகின்றன.

இந்த மாற்றம் எப்படி வந்தது? சைலன்சர் நீண்ட நாள் உழைக்கவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. கார் முதலாளிகள் திடீரென்று தாராள மனம் கொண்டுவிடவும் இல்லை. மக்கள் மூச்சுவிடும் காற்றைத் தூய்மையாக்க வந்த ஒரு சட்டம், தன் போக்கில், குழாயின் துருவையும் நிறுத்திவிட்டது. அந்தக் கதையைத்தான் இங்குக் காணப்போகிறோம்.

குதிரைகள் மிரண்ட காலம்

ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றது 1886இல். பெட்ரோல் எஞ்சினின் ஓசை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உருளைக்குள் பெட்ரோல் எரிந்து, பிஸ்டனைத் தள்ளி முடித்த பிறகும் அந்த வாயுவில் அழுத்தம் மிச்சமிருக்கிறது. வெளியேற்று வால்வு திறக்கும் கணத்தில் அது வளிமண்டல அழுத்தத்தைப்போலப் பல மடங்கு இருக்கும். சோடாப் புட்டியின் மூடியைத் திறந்தால் 'டப்' என்று ஒலிக்கிறதல்லவா? அப்படி ஒரு 'டப்', ஆனால் மிகப் பெரியது, நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறது. எஞ்சினின் இரைச்சலில் பெரும்பங்கு இதுதான்.

குதிரை வண்டிகள் நிறைந்த தெருவில் இத்தகைய வண்டி வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கொலம்பஸ் என்னும் சிற்றூரைச் சேர்ந்த மார்ஷல் ரீவ்ஸ், மில்டன் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள் 1897இல் எஞ்சின் ஓசையைத் தணிக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். (இவர்களுள் மில்டன் பின்னாளில் எட்டுச் சக்கரம் கொண்ட கார் ஒன்றையும் செய்து பார்த்தவர். அதை யாரும் விரும்பவில்லை. சைலன்சரோ இன்றுவரை இருக்கிறது.) இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிமின் மகன் ஹைரம் பெர்சி மாக்சிம், மோட்டார் வண்டிப் பொறியாளராக இருந்தவர். 1909இல் துப்பாக்கிக்கு ஓசையடக்கி செய்து காப்புரிமை பெற்றார். தந்தை வெடியோசையைப் பெருக்கினார், மகன் அடக்கினார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

சைலன்சரின் உள்ளே மாயம் ஒன்றுமில்லை. துளையிட்ட குழாய்கள், தடுப்புத் தகடுகள், சிறு அறைகள். உள்ளே பாயும் வாயு அகன்ற அறையில் விரிந்து, வளைந்து, துளைகளின் வழியே கசிந்து, வேகம் தணிந்து வெளியேறுகிறது. அறைச் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி அலைகள் எதிரே வரும் அலைகளோடு மோதி ஒன்றையொன்று தணித்துக்கொள்கின்றன. சிலவற்றில் கண்ணாடி நார் அடைத்து ஒலியை உறிஞ்சச் செய்வதும் உண்டு. ஆனால் தடுப்பு மிகுந்தால் வாயு தேங்கி எஞ்சினின் திறன் குறையும். இதனால் தொடக்கக் காலக் கார்களில் சைலன்சருக்கு முன்னரே ஒரு கதவு வைத்திருந்தனர். மேடு ஏறும்போது காலால் ஒரு மிதியை அழுத்தினால் கதவு திறந்து, புகை சைலன்சருக்குள் போகாமல் நேரே வெளியேறும். மேட்டுக்காக வைத்த கதவை ஓட்டுநர்கள் ஊருக்குள்ளும் பெருமைக்காகத் திறந்து ஓட்டினார்கள். நகரசபைகள் பல அதற்குத் தடை விதித்தன. இன்று நம் தெருக்களில் சைலன்சரை மாற்றிவிட்டு மோட்டார் சைக்கிளில் சீறும் இளைஞர்களுக்கு நூறாண்டுப் பாரம்பரியம் உண்டு என்பது தெரிகிறதல்லவா?

லிட்டருக்கு லிட்டர் தண்ணீர்

ஓசை அடங்கியது. ஆனால் ஓசையை அடக்கிய உருளை உளுத்துப்போகத் தொடங்கியது. அதற்குக் காரணம் நெருப்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். இல்லை, தண்ணீர்.

பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள்களின் கலவை. எரியும்போது கார்பன் கரியமில வாயுவாகிறது, ஹைட்ரஜன் நீராவியாகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்ரோலின் மாதிரியாக ஆக்டேனை எடுத்துக்கொண்டால், 114 கிராம் ஆக்டேன் எரிந்தால் 162 கிராம் நீர் உண்டாகும். பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்! காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்து சேருவதால்தான் இவ்வளவு எடை கூடுகிறது. பத்து லிட்டர் பெட்ரோல் போட்டால் காரின் வால் வழியே ஒரு குடம் தண்ணீர் ஆவியாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் குழாய் முழுதும் சூடேறி, அந்த நீராவி ஆவியாகவே வெளியேறிவிடும். தீங்கில்லை. ஆனால் வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பள்ளிக்கூடத்திற்கு என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் குடும்பக் காரில் நடப்பது வேறு. புகையிலுள்ள நீராவி சுமார் 50 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்த உலோகத்தைத் தொட்டால் நீராகிவிடும். எஞ்சினுக்கு அருகில் உள்ள குழாய் சில நிமிடங்களில் சூடேறும். கடைக்கோடியில் உள்ள சைலன்சர் சூடேறுவதற்குள் பயணமே முடிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சிறு பயணத்திலும் சைலன்சரின் அடியில் சிறிது நீர் தேங்கும். அதில் கரியமில வாயு கரையும். பெட்ரோலில் உள்ள கந்தகம் எரிந்த வாயுவும் கரையும். நீர் அமிலமாகும். மெல்லிய சாதாரண எஃகுத் தகடு அந்த அமிலத்தில் இரவெல்லாம் ஊறும். சைலன்சர் வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட உள்ளிருந்தே துருப்பிடிப்பது இதனால்தான். வெளியே வண்ணம் பூசுவதால் பயன் சொற்பமே.

தண்ணீர் வடியட்டும் என்று சைலன்சரின் தாழ்ந்த மூலையில் சிறு துளை இடுவது தயாரிப்பாளர்களின் வழக்கம். அதைப் பழுது என்று நினைத்து அடைத்துவிட்டவர்கள் உண்டு!

1950ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் எட்டு உருளை எஞ்சின்களும், பக்கத்திற்கு ஒன்றாக இரட்டைக் குழாய் வரிசைகளும் நாகரிகமாயின. காரின் பின்னே இரண்டு குழாய்கள் பளபளக்க நின்றால் அண்டை வீட்டார் பார்ப்பார்கள். ஆனால் ஒரு குழாயில் போகவேண்டிய சூட்டை இரண்டாகப் பங்கிட்டால் இரண்டுமே சரியாகச் சூடேறுவதில்லை. எனவே இரண்டும் விரைந்து உளுத்தன. இதற்கு மேல், குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்புத் தூவுவது வட மாநிலங்களின் வழக்கம். அந்த உப்பு நீர் வெளியிலிருந்து தின்றது.

காரீயம் செய்த கைங்கரியம்

உள்ளிருந்து தின்ற அமிலத்திற்கு இன்னொரு துணையும் இருந்தது. அதுதான் நம் கதையின் முடிச்சு.

எஞ்சினில் பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் 'டக் டக்' என்று தட்டும் குறையைப் போக்க, ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் ஒரு மருந்து கண்டார். டெட்ரா எத்தில் காரீயம் என்பது அதன் பெயர். 1923 பிப்ரவரியில் ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் அது கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் நியூ ஜெர்சியில் இதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் சித்தம் கலங்கி மாண்டனர். யேல் பல்கலைக்கழகத்தின் உடலியல் அறிஞர் யாண்டெல் ஹெண்டர்சன், இந்தக் காரீயம் தெருவெங்கும் தூசியாகப் படிந்து மக்களை மெல்ல நஞ்சூட்டும் என்று 1925இல் எச்சரித்தார். அரசு அமைத்த குழுவோ, தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்று 1926இல் சொல்லிவிட்டது. பின்னர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு உலகின் கார்கள் காரீயம் கலந்த பெட்ரோலில் ஓடின.

காரீயம் எரிந்தால் அதன் ஆக்சைடு வால்விலும் பொறிச்செருகியிலும் சாம்பலாக ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைத்து வெளியேற்ற, எத்திலீன் டைபுரோமைடு, எத்திலீன் டைகுளோரைடு என்னும் பொருள்களையும் பெட்ரோலில் சேர்த்தார்கள். புரோமினும் குளோரினும் காரீயத்தோடு சேர்ந்து எளிதில் ஆவியாகும் உப்புகளாகிப் புகையோடு வெளியேறும். இதற்கு வேண்டிய புரோமின் கிணற்று உப்புநீரில் போதாமல், 1934இல் வட கரோலினாக் கடற்கரையில் ஆலை அமைத்துக் கடல்நீரிலிருந்தே பிரித்தெடுத்தார்கள் என்றால் அளவை ஊகித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் சுத்தமாயிற்று. ஆனால் வாலில் என்ன நேர்ந்தது? குளிர்ந்த சைலன்சரில் தேங்கிய நீரில் இந்தப் புரோமின், குளோரின் சேர்மங்களும் கரைந்தன. ஹைட்ரோபுரோமிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாயின. பாத்திரத்தில் உப்புநீர் பட்டால் என்ன ஆகும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். இங்கு உப்பு அன்று, அமிலமே. எஞ்சினைக் காக்கச் சேர்த்த மருந்து சைலன்சரைத் தின்றது. செலவு கார் முதலாளிக்கும் இல்லை, எண்ணெய்க் கம்பெனிக்கும் இல்லை. முற்றத்தில் மல்லாந்து படுத்து நட்டுக் கழற்றியவருக்கே.

முற்றத்துப் பட்டறை

உளுத்துப்போகும் பொருளைச் சுற்றி ஒரு வாணிபமே வளர்ந்தது. நேட் ஷெர்மன் என்பவர் 1956இல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் மிடாஸ் என்ற பெயரில் சைலன்சர் மாற்றும் கடை திறந்தார். 'இந்தக் கார் உங்களிடம் உள்ளவரை சைலன்சருக்கு உத்தரவாதம்' என்பது அவர் விளம்பரம். அமெரிக்கர்கள் காரை அடிக்கடி கைமாற்றுவார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த உத்தரவாதத்தின் சூட்சுமம் புரியும். விரைவில் நாடு முழுவதும் கிளைகள். பிரிட்டனில் டாம் ஃபார்மர் 1971இல் எடின்பரோவில் தொடங்கிய குவிக் ஃபிட் என்னும் கடையும் இதே துருவின்மேல் வளர்ந்ததே.

கடைக்குப் போகாதவர்கள் தாமே செய்தார்கள். அவர்களுக்கு வழிகாட்ட நூல்கள் வந்தன. பிரிட்டனின் ஜான் ஹெய்ன்ஸ் விமானப்படைப் பணியில் ஏடனில் இருந்தபோது, நண்பர் ஒருவரின் ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் காரை முழுதும் பிரித்துப் பூட்ட உதவினார். ஒவ்வொரு படியையும் படம் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து பிறந்தது 1966இல் வெளிவந்த அவரது முதல் கைந்நூல். குழாயையும் சைலன்சரையும் எப்படிக் கழற்றுவது என்பது இத்தகைய கைந்நூல்களில் தவறாமல் இடம்பெறும் பாடம்.

வேலை எளியதுதான், சொல்வதற்கு. குழாய்மேல் குழாய் செருகி, வளைந்த கிளாம்ப் ஒன்றால் இறுக்கியிருப்பார்கள்; ரப்பர் வளையங்களில் தொங்கவிட்டிருப்பார்கள். இரண்டு நட்டைக் கழற்றினால் போதும். ஆனால் அந்த இரண்டு நட்டும் துருவேறித் திருகோடு ஒன்றாகிப் போயிருக்கும். ஸ்பானரை வைத்து அழுத்தினால் நட்டின் மூலைகள் மழுங்கும். மேலும் அழுத்தினால் திருகே முறியும். அதனால் முதல் நாளே ஊடுருவும் எண்ணெயை ஊற்றி ஊறவைப்பார்கள். அதற்கும் அசையாவிட்டால் உளியும் சுத்தியலும், கடைசியில் இரம்பம். அரைமணி வேலை அரைநாளாகும். மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு சுத்தியலால் தட்டும்போது கண்ணிலும் மூக்கிலும் விழும் செதில் வெறும் துரு அன்று. காரீய உப்புகள் குழாயின் உட்சுவரில் படிந்து துருவோடு கலந்திருந்தன என்பதை அன்று தட்டியவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

நம் நாட்டு வழக்கம் வேறு. அம்பாசிடரின் சைலன்சரில் ஓட்டை விழுந்தால் தெருமுனை வெல்டிங் பட்டறையில் ஒரு தகட்டை ஒட்டுவார்கள். ஒட்டின் மேலும் ஒட்டுவார்கள். புதிதாக வாங்குவது கடைசி யோசனை.

ஓட்டையின் வழியே

ஓட்டை விழுந்த சைலன்சரோடு சில மாதம் ஓட்டினால் என்ன, சத்தம்தானே என்று கேட்கலாம். சத்தம் மட்டும் அன்று. பெட்ரோல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைக் காட்டிலும் இதை இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றுகிறது. காரின் நடுப்பகுதியில், பயணிகளின் பாதத்திற்குக் கீழே ஓட்டை விழுந்து, தரைத் தகடும் துருப்பிடித்திருந்தால், கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு குளிரில் போகும் குடும்பத்தின் மூச்சில் அது கலக்கும். முதலில் தலைவலி, பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து விழிக்காதவர்கள் உண்டு. மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பழுது பார்த்தவர்களும் இப்படி மாண்டிருக்கிறார்கள். இதைச் சோதனைகளால் ஆராய்ந்து, நியூயார்க்கின் ஹாலண்டு சுரங்கச் சாலைக்கு எவ்வளவு காற்றோட்டம் வேண்டும் என்று கணக்கிட உதவியவரும் முன்னே சொன்ன ஹெண்டர்சனே. அவருடைய கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கையை ஏற்றார்கள். காரீய எச்சரிக்கையை ஏற்கவில்லை. மறுநாளே கொல்லும் நஞ்சுக்கு அஞ்சுவது எளிது போலும்.

பழுப்பு வானமும் புதிய சட்டமும்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை 1940ஆம் ஆண்டுகளிலிருந்து கண்ணைக் கரிக்கும் பழுப்புப் பனிமூட்டம் சூழ்ந்தது. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன் ஸ்மித் என்னும் டச்சு நாட்டு வேதியியலறிஞர் 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இதன் மூலத்தைக் கண்டுபிடித்தார். கார்ப் புகையிலுள்ள எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்றார். கார்க் கம்பெனிகள் நம்ப மறுத்தன, பின்னர் நம்பவேண்டியதாயிற்று.

1970 டிசம்பர் 31ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் தூய காற்றுச் சட்டத் திருத்தத்தில் கையெழுத்திட்டார். 1975ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பன்களும் 90 விழுக்காடு குறையவேண்டும் என்றது சட்டம். கெடு பின்னர் சற்றுத் தள்ளிப்போயிற்று. ஆயினும் இடைக்கால வரம்பே பெரும்பாலான கார்களுக்கு ஒரே வழியைத்தான் விட்டுவைத்தது. புகைக் குழாயில் ஒரு வினையூக்கிப் பெட்டியைப் பொருத்தவேண்டும். பிரெஞ்சுக்காரரான யூஜீன் ஹூட்ரி 1950ஆம் ஆண்டுகளிலேயே இத்தகைய பெட்டியைச் செய்து காட்டியிருந்தார். தேன்கூடு போன்ற பீங்கான் துளைகளிலோ சிறு உருண்டைகளிலோ பிளாட்டினம், பல்லேடியம் ஆகியவற்றை மெல்லிய பூச்சாகப் பூசியிருப்பார்கள். சில கிராம் உலோகம்தான். சூடேறிய நிலையில் அது கார்பன் மோனாக்சைடைக் கரியமில வாயுவாகவும் ஹைட்ரோகார்பனை நீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது.

ஹூட்ரியின் பெட்டி அன்றே கார்களில் ஏறாததற்குக் காரணம் காரீயம். அது பிளாட்டினத்தின்மேல் படிந்து வினையூக்கியைச் செயலற்றதாக்கிவிடும். ஆகவே பெட்டி வேண்டுமானால் காரீயம் போகவேண்டும். 1974 ஜூலை முதல் காரீயம் இல்லாத பெட்ரோலையும் விற்கவேண்டும் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆணையிட்டது. புதுக் கார்களின் பெட்ரோல் வாயைச் சிறிதாக்கி, காரீயப் பெட்ரோல் பங்கின் பெரிய மூக்கு அதில் நுழையாதபடி செய்தார்கள்.

இப்போது குழாயைக் கவனியுங்கள். பெட்ரோலில் காரீயம் இல்லை என்றால் அதைத் துடைக்கும் புரோமினும் இல்லை. எனவே அந்த அமிலங்களும் இல்லை. மேலும், வினையூக்கிப் பெட்டி 50,000 மைல், அதாவது சுமார் 80,000 கிலோமீட்டர் வரை வேலை செய்யவேண்டும் என்பது சட்டம். பெட்டிக்குள் வெப்பம் பல நூறு பாகை. சாதாரண எஃகு அங்கு நிற்காது. அலெகெனி லட்லம் என்னும் எஃகு நிறுவனம் 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், சைலன்சருக்கென்றே ஒரு மலிவான துருவுறா எஃகைச் செய்து வைத்திருந்தது. அதுவரை அதை வாங்கியவர் குறைவு. 1975 முதல் தேவை பெருகியது.

நம் சமையலறை எவர்சில்வரின் ஒன்றுவிட்ட தம்பி என்று இதைச் சொல்லலாம். நல்ல எவர்சில்வரில் குரோமியம் 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் இருக்கும். சைலன்சர் எஃகில் குரோமியம் சுமார் 11 விழுக்காடுதான், நிக்கல் கிடையாது, சிறிது டைட்டேனியம் உண்டு. காந்தத்தில் ஒட்டும். வெளியே பழுப்பேறி அசிங்கமாகத் தோன்றும், ஆனால் உளுத்துப்போகாது. குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வையாக மூடிக்கொள்வதே இரகசியம்.

வீட்டில் செய்தால் குற்றமில்லை

புதிய பெட்டியை எல்லாரும் வரவேற்றார்கள் என்று எண்ணவேண்டா. காரீயப் பெட்ரோல் சில காசு மலிவு. பெட்டி எஞ்சினின் திறனைக் குறைக்கிறது என்ற பேச்சும் பரவியது. முற்றத்தில் சைலன்சர் மாற்றிப் பழகிய கைகள் இப்போது வேறு வேலையில் இறங்கின. வினையூக்கிப் பெட்டியைக் கழற்றிவிட்டு வெறுங்குழாயை மாட்டினார்கள். பெட்ரோல் வாயிலிருந்த தடுப்பு வளையத்தை உடைத்தார்கள். புனல் வைத்துக் காரீயப் பெட்ரோல் ஊற்றினார்கள். சட்டத்திலும் ஒரு விசித்திரம் இருந்தது. பெட்டியை அகற்றக்கூடாது என்ற தடை முதலில் தயாரிப்பாளருக்கும் விற்பனையாளருக்கும்தான். 1977இல் பட்டறைக்காரர்களையும் அதில் சேர்த்தார்கள். கார்ச் சொந்தக்காரர் தம் வீட்டில் தாமே கழற்றினால் மத்தியச் சட்டப்படி குற்றமில்லை! 1990ஆம் ஆண்டுத் திருத்தம் வந்த பிறகே தனி மனிதரும் தடைக்குள் வந்தனர். தன் காரின் அடியிலுள்ள குழாய் தன் சொந்த விஷயம் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது.

அந்தக் குழாயின் வாய் ஊராருடையது என்பதை இரத்தப் பரிசோதனைகள் காட்டின. 1976 முதல் 1980 வரை அமெரிக்க மக்களிடம் எடுத்த பரிசோதனைகளில், இரத்தத்திலிருந்த காரீயத்தின் சராசரி அளவு சுமார் 37 விழுக்காடு இறங்கியிருந்தது. பெட்ரோலில் காரீயம் இறங்கிய கோடும் இரத்தத்தில் இறங்கிய கோடும் ஒன்றையொன்று ஒட்டியே சென்றன. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு என்பதை நினைவிற்கொண்டு இதைப் படியுங்கள். 1985இல் பாதுகாப்பு முகமை, காரீயத்தைக் காலனுக்கு 1.1 கிராமிலிருந்து 0.1 கிராமாக அடுத்த ஆண்டுத் தொடக்கத்திற்குள் குறைக்க ஆணையிட்டது. அதற்கு ஆதாரமாக ஒரு வரவு செலவுக் கணக்குப் போட்டார்கள். வரவுப் பக்கத்தில் குழந்தைகளின் உடல்நலம் இருந்தது. பெரியவர்களின் இரத்த அழுத்தம் இருந்தது. கூடவே, பொறிச்செருகியும் சைலன்சரும் குழாயும் அடிக்கடி மாற்றவேண்டாம் என்ற மிச்சமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நட்டோடு மல்லுக்கட்டியவரின் செலவை அரசு முதன்முறையாகக் கணக்கில் எழுதியது என்று எனக்குத் தோன்றுகிறது.

1996இல் அமெரிக்கச் சாலைகளில் காரீயப் பெட்ரோல் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலும் வினையூக்கிப் பெட்டியுள்ள புதுக் கார்களுக்காகக் காரீயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் அதுவே. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. அதே 2021இல் இன்னொரு வேடிக்கை. வினையூக்கிப் பெட்டியிலுள்ள ரோடியம் என்னும் உலோகத்தின் விலை தங்கத்தைப் போலப் பல மடங்கு உயர்ந்ததால், இரவில் இரம்பத்தோடு வந்து காரின் அடியிலிருந்து பெட்டியை அறுத்துச் செல்லும் திருடர்கள் மேலைநாடுகளில் பெருகினர். ஒரு காலத்தில் சொந்தக்காரரே குப்பையில் எறிந்த பொருள்!

இன்று கழற்றுவோருக்கு

இன்றும் பழைய காரின் பின் சைலன்சரை வீட்டில் மாற்றலாம். சில செய்திகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் தலையை நுழைக்காதீர்கள். கெட்டியான தாங்கிகளை நிறுத்தி, சக்கரங்களுக்கு ஆப்பு வையுங்கள். குழாய் முழுதும் ஆறியபின் தொடுங்கள். கண்ணாடி அணியுங்கள். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் பக்கத்திலேயே ஓடுவதால் நெருப்பு வைத்துச் சூடாக்கும் யோசனை வேண்டா. எஞ்சின் பக்கம் போகப் போக வேலை கடினம். அங்கே ஆக்சிஜன் உணரி ஒன்று செருகியிருக்கும். வால்வோ கார்களில் 1976இல் முதலில் வந்த இந்தக் கருவி, புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து பெட்ரோலின் அளவைத் திருத்தச் சொல்கிறது. அதற்கு முன்னால் உள்ள மூட்டில் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து அதை ஏமாற்றிவிடும், பெட்ரோல் வீணாகும், வினையூக்கியும் சூடேறிக் கெடும். அந்தப் பகுதியைப் பட்டறைக்காரரிடம் விடுவதே நல்லது.

மாட்டி முடித்ததும் காரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து எஞ்சினை ஓடவிடுங்கள். தடித்த துணியால் வால்குழாயின் வாயை ஒரு கணம் இலேசாக அடைத்துப் பாருங்கள். மூட்டுகளில் 'உஸ்' என்ற ஒலி கேட்டால் கிளாம்பை மேலும் இறுக்கவேண்டும். ஒலி இல்லாவிட்டால் வேலை முடிந்தது. புதுச் சைலன்சரின் நுனியிலிருந்து சிறிது நேரம் நீர் சொட்டும். அது பெட்ரோலிலிருந்து பிறந்த தண்ணீர். குழாய் சூடேறியதும் தானே நின்றுவிடும்.